எடுபிடி ஜெயிக்கலாமா?

சைக்கிள் ரேஸ் பத்திப் பதிவு போட்டா ஈ ஓட்ட வேண்டியதுதான்னு எனக்கே தெரியும். கிரிக்கெட்னா சண்டை போடவாவது நாலு பேர் வருவாங்க. பரவாயில்லை, ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருக்கிற விஷயம், இன்னைக்கு இறக்கி வெச்சுடறேன். சைக்கிள் ரேஸ் பாக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். ஆபீஸ்ல நாலு பேரோட சேர்ந்து வேலை பாக்குற எல்லாருக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு.

விஷயம் இதுதான். 2023-ல ஸ்பெயின்ல நடந்த வுவெல்ட்டா ரேஸை செப் குஸ்-ன்னு ஒரு அமெரிக்கர் ஜெயிச்சார். அன்னையிலேர்ந்து அவர் பேரை எடுத்தாலே யாராவது ஒருத்தர், "அட, அது அவரா ஜெயிச்சது இல்லீங்க, டீம் பாத்துப் போட்ட பிச்சை"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. இதுல எனக்கு சுத்தமா உடன்பாடு இல்லை. ஏன்னு விலாவாரியா சொல்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஒரு முன்கதைச் சுருக்கம். (தெரிஞ்சவங்க அடுத்த நட்சத்திரக் கோட்டுக்குத் தாவிடலாம்)

சைக்கிள்ல பெரிய ரேஸ் மூணு. மே மாசம் இத்தாலில ஜிரோ, ஜூலைல டூர் டி பிரான்ஸ், ஆகஸ்ட்-செப்டம்பர்ல வுவெல்ட்டா. ஒவ்வொண்ணும் மூணு வாரம், 21 ஸ்டேஜ், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. தினமும் எடுத்துக்கிட்ட நேரத்தைக் கூட்டிக்கிட்டே வருவாங்க. மொத்த நேரம் யாருக்குக் கம்மியோ அவர் ஜெயிச்சார். அவ்வளவுதான் கணக்கு. ஒரு ஸ்டேஜ்ல கூட முதல்ல வராம மொத்த ரேஸையும் ஜெயிக்கலாம், 1990-ல கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை அப்படித்தான் ஜெயிச்சார். அன்னைய தேதிக்கு மொத்த நேரத்துல முன்னாடி இருக்கிறவருக்கு ஒரு ஸ்பெஷல் சட்டை. ஜிரோவுல ரோஸ், டூர்ல மஞ்சள், வுவெல்ட்டாவுல சிவப்பு.

இப்போ ஒரு டீம்ல எட்டு பேர். ஆனா ஜெயிக்கப் போறது ஒருத்தர். மீதி ஏழு பேர் எதுக்கு? இங்கதான் நம்ம இஞ்சினியரிங் கொஞ்சம் உதவும். சமதளத்துல நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போறப்போ, சைக்கிள்காரர் போடற சக்தில பெரும்பகுதி காத்தைக் கிழிக்கிறதுக்கே போயிடும். காத்தோட எதிர்ப்பை ஜெயிக்கத் தேவைப்படற சக்தி, வேகத்தோட மூன்றாம் மடிக்கு ஏத்த மாதிரி ஏறும். வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும்னா எட்டு மடங்கு சக்தி. ஆனா ஒருத்தன் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா, அந்தச் செலவுல ஒரு பெரும் பங்கை முன்னாடி போறவன் கட்டிடுவான். 2018-ல பெர்ட் ப்ளாக்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு 121 பேர் கூட்டத்தை மாதிரி செஞ்சு காத்துச் சுரங்கத்துல வெச்சுப் பாத்தாங்க. கூட்டத்துக்கு நடுவுல நல்ல இடத்துல இருக்கிறவனுக்குக் காத்து எதிர்ப்பு, தனியா போறவனோட எதிர்ப்புல பத்துல ஒரு பங்குக்கும் கம்மின்னு வந்துச்சு.

ஆக, தலைவர் காத்துல நனையாம (சரியான வார்த்தை கிடைக்கலை, மன்னிச்சுக்கோங்க) மலை அடிவாரம் வரைக்கும் வந்து சேரணும்னா ஏழு பேர் காத்துல நனையணும். அது மட்டுமா? பின்னாடி கார் வரைக்கும் போய் சட்டைக்குள்ள தண்ணி பாட்டிலைத் திணிச்சு எடுத்துட்டு வரணும். தலைவருக்கு டயர் பஞ்சர்னா தன் சைக்கிளைக் கழட்டிக் கொடுக்கணும். எதிராளி ஓடினா துரத்தணும். மலைல கடைசி ஆள் விழுந்து போற வரைக்கும் வேகம் கொடுத்துட்டு, மூச்சு முட்டி ஓரமா ஒதுங்கணும்.

இந்த ஏழு பேருக்கு பிரெஞ்சுல டொமஸ்டீக்-ன்னு பேரு. வீட்டு வேலைக்காரன்னு அர்த்தம். டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச ஹென்றி தெக்ராஞ்ச், 1911-ல மோரிஸ் ப்ரொக்கோன்னு ஒரு ஓட்டுநர் இன்னொருத்தருக்கு உதவி செஞ்சு பிழைக்கப் பாக்குறார்னு கடுப்பாகி, வசவாத்தான் அந்த வார்த்தையைப் போட்டார். (ப்ரொக்கோ அடுத்த ஸ்டேஜை ஜெயிச்சுக் காட்டினது தனிக்கதை) வசவு போய் இப்போ அது உத்தியோகத்துக்கே பேராயிடுச்சு. தமிழ்ல இதுக்கு அச்சு அசலா ஒரு சொல் இருக்கு. எடுபிடி.

*

செப் குஸ் ஒரு எடுபிடி. சாதாரண எடுபிடி இல்லை, உலகத்துலயே மலை ஏத்தத்துக்கு இவரை மாதிரி ஆள் கிடையாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட எடுபிடி. கொலராடோ மாநிலத்துல டுராங்கோன்னு ஒரு மலை ஊர்க்காரர். ப்ரிமோஷ் ரோக்லிச் 2019, 2020, 2021-ன்னு தொடர்ச்சியா வுவெல்ட்டா ஜெயிச்சப்போ கூட இருந்தவர். 2022-ல யோனாஸ் விங்கெகோ டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சப்போ கூட இருந்தவர்.

2023-ஐப் பாருங்க. மே மாசம் இத்தாலில ரோக்லிச்சுக்காக மூணு வாரம் மிதிச்சார். ரோக்லிச் 14 நொடி வித்தியாசத்துல ஜிரோவை ஜெயிச்சார். ஜூலைல பிரான்ஸ்ல விங்கெகோவுக்காக மூணு வாரம் மிதிச்சார். விங்கெகோ, தடேய் பொகாச்சரை 7 நிமிஷம் 29 நொடில தோக்கடிச்சார். அந்த டூர்ல முடியறதுக்கு முந்தின நாள் குஸ் கீழ விழுந்து முகமெல்லாம் ரத்தம். அப்படியே ஓட்டி முடிச்சார். எல்லாரும் ஓய்வெடுக்கப் போன நேரத்துல, ஆகஸ்ட் கடைசில வுவெல்ட்டாவுக்கு வந்து நின்னார். அந்த ரேஸ்ல ஜம்போ-விஸ்மா டீமுக்கு ரெண்டு தலைவர்கள், ரோக்லிச்சும் விங்கெகோவும். குஸ் ரெண்டு பேருக்கும் பொதுவான எடுபிடி. ஒரு எடுபிடிக்கு ரெண்டு முதலாளி!

ஆறாவது ஸ்டேஜ். ஹவலாம்ப்ரேங்கிற மலை உச்சில ஒரு வானியல் ஆய்வகம், அங்க போய் முடியுது. அப்போ சிவப்புச் சட்டை பெல்ஜியத்தோட ரெம்கோ எவனபூல்கிட்ட இருந்துச்சு. காலைலயே ஒரு பெரிய கும்பல் முன்னாடி ஓடுது, அதுல குஸ்ஸும் ஒருத்தர். இது பழைய உத்தி. முன்னாடி போறவன் ஆபத்தான ஆள்னா எதிராளி டீம் துரத்தியே ஆகணும், துரத்தித் துரத்தி நாக்கு தள்ளணும், பின்னாடி நம்ம தலைவர்கள் ஜாலியா உக்காந்து வரணும். குஸ் அந்த ஸ்டேஜையே ஜெயிச்சுட்டார். அதுமட்டும் இல்லை, தன் தலைவர்கள் ரெண்டு பேரை விடவும் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் முன்னாடி வந்துட்டார். எட்டாவது ஸ்டேஜ் முடிவுல சிவப்புச் சட்டை அவர் தோள்ல.

சரி, ரெண்டு நாள் போட்டுக்கட்டும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. பத்தாவது ஸ்டேஜ் வயாதோலித்ல தனித்தனியா கடிகாரத்தை எதிர்த்து ஓட்டற டைம் ட்ரையல். மலைக்காரங்களுக்கு அது ஆகாது, அன்னைக்குக் கழட்டிடுவார்னாங்க. கழட்டலை. பதிமூணாவது ஸ்டேஜ் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் தூர்மலே மலை. எவனபூல் அன்னைக்குச் சுருண்டு 27 நிமிஷம் கோட்டை விட்டார். விங்கெகோ முதல், குஸ் ரெண்டாவது, ரோக்லிச் மூணாவது. அன்னைக்கு ராத்திரி மொத்தப் பட்டியல்லயும் முதல் மூணு இடம் ஒரே டீம். குஸ் முதல்ல, 1 நிமிஷம் 37 நொடி பின்னாடி ரோக்லிச், 1 நிமிஷம் 44 நொடி பின்னாடி விங்கெகோ.

இனிமே ரேஸ் முடிஞ்சுது, மூணு பேரும் கை கோத்துக்கிட்டு மாட்ரிட் போயிடுவாங்கன்னுதானே தோணும்? அதான் இல்லை.

பதினாறாவது ஸ்டேஜ், பெஹேஸ். கடைசி ஏத்தத்துல விங்கெகோ பாய்ஞ்சார். ஒரே நாள்ல குஸ்ஸோட வித்தியாசம் 29 நொடிக்கு வந்துடுச்சு. மறுநாள் செப்டம்பர் 13, ஆங்லிரூ. ஸ்பெயின்ல இருக்கிறதுலயே கொடூரமான ஏத்தம்னு பேர் வாங்கின மலை. பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல ஏத்தம், சில இடத்துல 23 சதவீதத்துக்கும் மேல. அதாவது நூறு மீட்டர் முன்னாடி போக 23 மீட்டர் மேல ஏறணும். மூடுபனி வேற. உச்சி நெருங்கறப்போ ரோக்லிச் வேகம் கூட்டறார், விங்கெகோ ஒட்டிக்கிறார், சிவப்புச் சட்டை போட்ட குஸ் கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கறார். தன் டீம் சட்டை ரெண்டு பனிக்குள்ள மறையுது. அன்னைக்கு குஸ்ஸுக்கு இருபத்தொன்பதாவது பிறந்தநாள்!

ரோக்லிச்சும் விங்கெகோவும் சேர்ந்து கோட்டைத் தாண்டி 19 நொடி கழிச்சு குஸ் வந்தார். போனஸ் நொடியெல்லாம் கூட்டிக் கழிச்சா, சிவப்புச் சட்டைக்கும் விங்கெகோவுக்கும் நடுவுல மிச்சம் 8 நொடி.

அதுக்கு அப்புறம்தான் டீம் பெரியவங்க கூடிப் பேசி, இனிமே குஸ்ஸைத் தாக்கக் கூடாதுன்னு முடிவு எடுத்தாங்க. ரோக்லிச் தனக்கு வேற எண்ணம் இருக்குங்கிறதை மறைக்கலை, ஆனா கட்டுப்பட்டார். குஸ் அடுத்த நாள் சில நொடிகளை மீட்டார். கடைசில விங்கெகோவை விட 17 நொடி, ரோக்லிச்சை விட 1 நிமிஷம் 8 நொடி முன்னாடி மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். ஒரே டீம், ஒரே வருஷத்துல, மூணு பெரிய ரேஸையும் மூணு வேற வேற ஆளை வெச்சு ஜெயிச்சது அதுவரை நடக்காத ஒண்ணு. அந்த மூணு ரேஸ்லயும் மிதிச்ச ஒருத்தர்தான் மூணாவதை ஜெயிச்சவர்.

*

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதை இளப்பமா சொல்லிட்டு ஈஸியா உடைக்க எனக்கு இஷ்டமில்லை. அவங்க சொல்றதுல வலுவானது இதுதான்: "விளையாட்டுல பலசாலிதான் ஜெயிக்கணும். கடைசி வாரத்துல விங்கெகோதான் பலசாலி, அது கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவரைக் கட்டிப் போட்டு இன்னொருத்தரை ஜெயிக்க வெச்சா, முடிவு ரோட்டுல வரலை, ஓட்டல் ரூம்ல வந்துச்சு. நாங்க மூணு வாரம் டிவி பாத்தது ஓட்டல் ரூம் மீட்டிங்குக்கா?"

நியாயமான கேள்வி. என் பதில் மூணு.

ஒண்ணு. ஓட்டல் ரூம்ல முடிவு எடுக்காத பெரிய ரேஸ் ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

1934 டூர் டி பிரான்ஸ். ரெனே வியெத்தோன்னு இருபது வயசுப் பையன், மலைல புலி. பிரான்ஸ் டீம் தலைவர் ஆன்தொனின் மான் சக்கரம் உடைஞ்சு நிக்கறார். பையன் தன் முன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டு, வேற சக்கரம் வர்ற வரைக்கும் ரோட்டோரம் குட்டிச்சுவர் மேல உக்காந்து அழுதான். அந்த போட்டோ உலகப் பிரசித்தம். அதோட முடியலை, மறுநாள் தலைவர் திரும்பவும் சிக்கல்ல மாட்டினப்போ, வந்த வழியே திரும்பி மேல ஏறிப் போய் தன் சைக்கிளையே கொடுத்தான். மான் ஜெயிச்சார். வியெத்தோ அஞ்சாவது. கடைசி வரைக்கும் அவர் டூர் ஜெயிக்கவே இல்லை.

1985. பெர்னார் இனோ தலைவர், லெமாண்ட் உதவி. மலைல இனோ திணறிக்கிட்டுப் பின்னாடி வர, லெமாண்டை முன்னாடி போகாதேன்னு கார்லேர்ந்து தடுத்தாங்க. இனோ 1 நிமிஷம் 42 நொடில ஜெயிச்சார். அடுத்த வருஷம் உனக்கு உதவறேன்னு வாக்குக் கொடுத்தார். 1986-ல அந்த வாக்கை அவர் காப்பாத்தின அழகு ஊர் அறியும், திரும்பத் திரும்ப லெமாண்டையே தாக்கினார். லெமாண்ட் அவரை மீறித்தான் ஜெயிக்க வேண்டி இருந்துச்சு.

2012. ப்ராட்லி விகின்ஸ் மஞ்சள் சட்டை. லா தூசுயிர் மலைல உதவிக்கு இருந்த கிறிஸ் ஃப்ரூம் வேகம் எடுத்தார், தலைவர் பின்தங்கினார், காதுல ரேடியோ கத்துச்சு, ஃப்ரூம் வேகத்தைக் குறைச்சார். விகின்ஸ் முதல், ஃப்ரூம் ரெண்டாவது.

இந்த மூணு தடவையும் பலசாலியைக் கட்டிப் போட்டாங்களா, அல்லது போட்டிருக்கலாமா? போட்டாங்க. அப்போ யாராவது "விகின்ஸுக்கு விழுந்த பிச்சை"ன்னு பத்து வருஷம் பேசினாங்களா? இல்லையே. உதவியாளனைக் கட்டிப் போட்டா அதுக்குப் பேரு ஒழுங்கு, வியூகம், டீம் வொர்க். தலைவனைக் கட்டிப் போட்டா மட்டும் விளையாட்டோட புனிதம் கெட்டுடும். இது எந்த ஊர் நியாயம்?

ரெண்டு. மஞ்சள் சட்டையோ சிவப்புச் சட்டையோ, எதுவுமே ஒருத்தரோட கால் மட்டும் சம்பாதிச்சது கிடையாது. மேல சொன்ன காத்துக் கணக்கை நினைச்சுப் பாருங்க. மூணு வாரமா ஏழு பேர் தன் நேரத்தைக் கரைச்சு ஒருத்தர் கணக்குல வரவு வைக்கறாங்க. டூர் ஜெயிச்சவருக்கு அஞ்சு லட்சம் யூரோ பரிசு, அதை அவர் தன் டீமோட பங்கு போட்டுக்கறது ரொம்ப காலமா இருக்கிற வழக்கம். அது தர்மம் இல்லை, அந்தக் காசு யாரோட வியர்வைன்னு அவருக்குத் தெரியும். பேரை மட்டும் பங்கு போட முடியாது. ஒவ்வொரு ஜெயிப்புலயும் ஏழு பேரோட பிச்சை இருக்கு. நமக்கு அது பழகிப் போனதால கண்ணுல படறதில்லை. குஸ் ஜெயிச்சப்போ பிச்சை எதிர்த் திசைல போச்சு, உடனே கண்ணுல பட்டுடுச்சு. தேர் இழுக்கிறவன் ஒருநாள் தேர் மேல ஏறினா ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி.

மூணு. இதுதான் முக்கியம். அந்த மூணு நிமிஷத்தை குஸ்ஸுக்கு யாரும் கொடுக்கலை. எதிராளி டீம் துரத்தியும் பிடிக்க முடியாம, மலை உச்சில தனியா போய் அவர் எடுத்தது. டைம் ட்ரையல்ல, எவனும் எவனுக்கும் உதவ முடியாத இடத்துல, சட்டையைக் காப்பாத்தினது அவர் கால். தூர்மலேல ரெண்டாவதா வந்தது அவர் கால். பதினேழு ஸ்டேஜ் முடிஞ்சு, ஆங்லிரூ உச்சில எல்லாரும் அடிச்சுப் பாத்த அப்புறமும் கணக்குல முன்னாடி இருந்தது அவர்தான், 8 நொடியோ 8 நிமிஷமோ. இந்த விளையாட்டுல பலத்துக்குன்னு தனியா அளவுகோல் கிடையாது. மொத்த நேரம்தான் அளவுகோல். டீம் அவருக்கு எதையும் புதுசா எடுத்துக் கொடுக்கலை. அவர்கிட்ட இருந்ததைப் பிடுங்கறதை நிறுத்துச்சு. அவ்வளவுதான். ஒருத்தன் பர்ஸைப் பிடுங்காம விட்டதுக்குப் பேரு தானமா?

*

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். அது பிச்சை மாதிரி தெரியறதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் காரணம் குஸ் இல்லை, அந்த டீம்.

தூர்மலே அன்னைக்கு ராத்திரியே எவனபூல் காலி. முதல் மூணு இடமும் கைல. அப்போவே "இது செப்போட ரேஸ்"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. சொல்லலை. ரோடு முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆங்லிரூல அந்த வேகம் யாரை எதிர்த்து? மத்த டீம்காரங்க எல்லாம் ஏற்கெனவே நிமிஷக் கணக்குல பின்னாடி. அந்த மலைல ரோக்லிச் கூட்டின வேகத்துல நஷ்டப்படக் கூடிய முக்கியமான ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான், மே மாசத்துலேர்ந்து அவங்களுக்காகக் காத்தைக் கிழிச்சவர். அதுவும் அவர் பிறந்தநாள் அன்னைக்கு!

ரசிகர்கள் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் காறித் துப்பின அப்புறம்தான் "இனிமே தாக்காதீங்க"ன்னு உத்தரவு. தானா கொடுத்திருந்தா மரியாதை. பிடுங்கப் பாத்துட்டு, ஊர் பாக்குதேன்னு விட்டா அதுக்குப் பேரு வேற. அந்தக் கறை குஸ் ஜெயிப்பு மேல ஒட்டிக்கிச்சு பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தப்பு பண்ணது மேனேஜ்மென்ட், பேரு கெட்டது எடுபிடிக்கு.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு இந்த மொத்தக் கதைலயும் ரொம்பப் பிடிச்சது. ஆங்லிரூல தன் டீம் ரெண்டு பேரும் பனிக்குள்ள மறைஞ்ச அப்புறம், குஸ்ஸுக்குப் பிடிச்சுக்க ஒரு சக்கரம் கிடைச்சுது. அது எதிராளி டீம் சக்கரம். மிகேல் லாந்தா, பஹ்ரைன் டீம், ஸ்பெயின்காரர். அவர் மிதிச்சதுல குஸ் ஒட்டிக்கிட்டே வந்து, 8 நொடியோட தப்பிச்சார். லாந்தா தன் இடத்துக்காகத்தான் மிதிச்சார், குஸ் மேல பாசத்துல மிதிச்சார்னு நான் கதை கட்டலை. ஆனா லாந்தா யாருன்னு பாருங்க. 2015 ஜிரோவுல தன் டீம் தலைவர் ஃபாபியோ ஆருவுக்காக அடக்கி வாசிச்சு மூணாவது வந்தவர். 2017 டூர்ல ஃப்ரூமுக்கு எடுபிடி. அந்த டூர்ல நாலாவது வந்தார். மேடை ஏற மூணாவது வரணும். அவருக்கும் மூணாவது இடத்துக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் ஒரு நொடி.

ஒரே ஒரு நொடி! மூணு வாரம், மூவாயிரத்து ஐநூறு கிலோமீட்டர், அதுல தலைவருக்காக அவர் கரைச்ச நேரம் எவ்வளவோ, அதுல ஒரு நொடியை மிச்சம் பிடிச்சிருந்தா மேடை. ஒரு நொடில மேடையை விட்ட எடுபிடியோட சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு எடுபிடி எட்டு நொடில சட்டையைக் காப்பாத்தறார். சினிமாவுல வெச்சா "ஓவரா இருக்கு"ன்னு சொல்லுவோம்.

*

பொட்டி தட்டற நமக்கு இதுல என்ன?

நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு அண்ணன் இருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா அவர் போன்தான் அடிக்கும். புதுசா வர்ற பசங்களுக்கு அவர்தான் வாத்தியார். யார் எழுதின கோடு உடைஞ்சாலும் அவர்தான் பாண்டேஜ். க்ளையன்ட் முன்னாடி கோட்டு போட்டுக்கிட்டு ஸ்லைடு காட்டறது வேற ஒருத்தர். வருஷக் கடைசி அப்ரைஸல்ல அண்ணனுக்கு வந்தது "சிறந்த டீம் ப்ளேயர்"ங்கிற ஒரு வரியும், நடுத்தர ரேட்டிங்கும். மூணு வருஷம் இதே கதை. நாலாவது வருஷம், ஒரு ப்ராஜெக்டை முழுசா அவரே தலைமை தாங்கி எடுக்கிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்துச்சு. "நீங்க அதுக்குப் போயிட்டா இங்க ராத்திரி போனை யார் எடுக்கிறது?"ன்னு கேட்டு, அதைக் கோட்டுக்காரருக்கே கொடுத்தாங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மாசத்துல பேப்பர் போட்டுட்டார்.

அவருக்கு நாலு வருஷமும் தலைவர் பதவி கொடுத்திருக்கணும்னு நான் சொல்ல வரலை. எல்லாரும் கோட்டு போட்டா போனை எடுக்க ஆள் வேணும்தான். சைக்கிள்லயும் எட்டு தலைவர் இருக்கிற டீம் ஒரு மலை தாண்டாது. எடுபிடி வேலை கேவலம்னும் நான் நினைக்கலை, குஸ்ஸே அதை விரும்பித்தான் செய்யறார். நான் கேக்கிறது ரொம்பக் கம்மி. ஒருத்தன் வருஷக் கணக்கா அடுத்தவனுக்காக மிதிக்கிறான். அவன் வாழ்க்கைல ஒரே ஒரு தடவை, தன் சொந்தக் கால்ல, நேர்மையா முன்னாடி வந்து நிக்கறான். அன்னைக்கு அவன்கிட்டேர்ந்து பிடுங்காதீங்க. தள்ளி விட வேண்டாம், தோள்ல தூக்க வேண்டாம். பிடுங்காம இருந்தாப் போதும்.

அப்படிச் செஞ்சா விளையாட்டு கெட்டுப் போகும்னு சொல்றவங்களுக்கு 2025 ஜிரோவைக் காட்டறேன். அதே டீம், இப்போ பேரு விஸ்மா-லீஸ் எ பைக். இருபதாவது ஸ்டேஜ், ஃபினெஸ்த்ரே மலை. 2018-ல இதே மலைலதான் சைமன் யேட்ஸ் ரோஸ் சட்டையோட வந்து உடைஞ்சு போனார். ஏழு வருஷம் கழிச்சு அதே மலைல அவர் பாய்ஞ்சார். மலைக்கு அந்தப் பக்கம் முன்னாடியே போய் அவருக்காகக் காத்திருந்தது வவுட் வான் ஆர்ட், தன்னளவுல பெரிய நட்சத்திரம். வான் ஆர்ட் பள்ளத்தாக்குல உயிரைக் கொடுத்து இழுத்தார், யேட்ஸ் ஜிரோவை ஜெயிச்சார். அன்னைக்கு யாரும் பிச்சைன்னு சொல்லலை. அதுவும் இந்த விளையாட்டோட அழகுன்னுதான் எல்லாரும் எழுதினாங்க. பெரிய ஆள் இறங்கி வந்து மிதிச்சா அழகுன்னு ஒத்துக்கிறோம்ல? அதே அழகைத்தான் விங்கெகோவும் ரோக்லிச்சும் கடைசி நாலு நாள், கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாவது, செஞ்சாங்க. அதுக்காக அவங்களுக்கும் ஒரு ஓ போடத்தான் வேணும்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, ரோக்லிச் அந்த வருஷத்தோட டீமை விட்டுப் போனார், 2024 வுவெல்ட்டாவை வேற சட்டைல ஜெயிச்சு நாலாவது தடவையா ஜெயிச்ச கணக்கை முடிச்சுக்கிட்டார். விங்கெகோ 2025 வுவெல்ட்டாவை ஜெயிச்சார். அவருக்கு முன்னாடி மலைல வேகம் கொடுத்துக்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர் யாருன்னு நினைக்கறீங்க? நம்மாளேதான். ஆங்லிரூல தன்னை விட்டுட்டுப் போன அதே ஆளுக்காக, திரும்பவும் காத்தைக் கிழிச்சுக்கிட்டு. :-)

உங்க டீம்லயும் ஒரு குஸ் இருப்பார். யாருன்னு உங்களுக்குத் தெரியும். இல்லை, அது நீங்களாவே கூட இருக்கலாம். பலசாலிதான் ஜெயிக்கணும், குஸ்ஸுக்குக் கொடுத்தது தப்புதான்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, காத்துக்கிட்டு இருக்கேன்.

பி.கு: நேரம் இருந்தா அந்த ஆங்லிரூ ஸ்டேஜோட கடைசி மூணு கிலோமீட்டர் வீடியோவைத் தேடிப் பாருங்க. யார் ஜெயிக்கறாங்கன்னு பாக்காதீங்க, அது தெரிஞ்சதுதான். மூணாவதா வர்ற சிவப்புச் சட்டையை மட்டும் பாருங்க.